சரளைப் பாதை யாருக்கு?

நல்ல சாலை வேண்டுமென்று உலகில் கிளர்ச்சி செய்தோருள் முந்தி நின்றவர்கள் மோட்டார்க்காரர்கள் அல்லர், சைக்கிள்காரர்களே. அமெரிக்காவில் 1880ஆம் ஆண்டில் ஒன்றுகூடிய சைக்கிள் சங்கத்தாரும், இங்கிலாந்தில் 1886ஆம் ஆண்டில் சாலைச் சீர்திருத்தத்திற்கென்று தனிச் சபை கண்டவர்களும், குண்டும் குழியுமாய்க் கிடந்த மண் ரஸ்தாக்களைச் செப்பனிடும்படி தத்தம் சர்க்கார்களை ஓயாது வற்புறுத்தி வந்தனர். 1888ல் பெல்பாஸ்ட் நகரத்துக் கால்நடை வைத்தியர் டன்லப் என்பார் காற்றடைத்த டயருக்கு உரிமைச் சாசனம் பெற்ற பிறகு அவ்வூக்கம் பன்மடங்காயிற்று. சாலைகள் சீர்பட்டன. ஆனால் சீர்பட்ட சாலையில் வந்து அமர்ந்தது மோட்டார். வழி கேட்டவன் வழியோரத்திற்குத் தள்ளப்பட்டான். நம் நாட்டில் 2022ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் சாலை விபத்துகளில் 1,68,491 உயிர்கள் மாண்டன என்று மத்திய சர்க்காரின் கணக்கே கூறுகிறது. இத்தகைய சாலையில் தன் பிள்ளையைச் சைக்கிளில் அனுப்ப எந்தத் தந்தைதான் துணிவான்?

ஆகையால் சைக்கிள்காரன் மறுபடியும் மண் பாதையைத் தேடிப் போவது இயல்பே. மேனாடுகளில் இப்போது சரளைப் பாதைச் சவாரி ஒரு பெரும் வழக்கமாகப் பரவியிருக்கிறது. அமெரிக்காவின் கான்ஸாஸ் மாகாணத்தில் எம்போரியா என்னும் ஊரைச் சுற்றியுள்ள சரளை ரஸ்தாக்களில் 2006ல் சிலர் கூடித் தொடங்கிய போட்டி, இன்று ஆயிரக்கணக்கானோர் கூடும் திருவிழாவாகிவிட்டது. 2022ல் இத்தாலியில் இதற்கென்றே முதல் உலகப் போட்டியும் நடைபெற்றது. இதற்கான வண்டியும் தனி. பந்தய வண்டியைப்போல் வளைந்த கைப்பிடி. ஆனால் டயர் அகலம். அதில் காற்றின் அழுத்தம் குறைவு. கல்லின்மேல் ஏறும்போது டயரே குழைந்து கொடுக்கும். மலையேற்றத்திற்கென்று இலகுவான பல்சக்கரங்களும் உண்டு. உள் டியூப் இல்லாத டயருக்குள் பசைபோன்ற ஒரு திரவத்தை ஊற்றிவிடுவதால், முள் தைத்தாலும் துளை தானே அடைபடுகிறது. வேலிக்காத்தான் முள் நிறைந்த நம் நாட்டுப்புறத்திற்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு வேறில்லை.

இந்த வழக்கத்தை நம் நாட்டில் எங்கே கைக்கொள்ளலாம் என்று நம்மைக் கேட்டால், திருப்பத்தூரையே முதலிற் சொல்வோம். 2019ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் வேலூரினின்றும் பிரித்துத் தனி ஜில்லாவாக்கப்பட்ட இவ்வூரின் அமைப்பு அத்தகையது. சென்னை, பெங்களூர், சேலம் என்னும் மூன்று திசை ரயில் பாதைகளும் கூடும் ஜோலார்பேட்டைச் சந்திப்பு பக்கத்திலேயே உள்ளது. ரயிலை விட்டு இறங்கினால் ஒருபுறம் ஏலகிரி. கிழக்கே ஜவ்வாது மலை. இடையிலுள்ள சமவெளியில் ஏரிகளும் அவற்றின் கரைகளும், புளியமரத்துத் தோப்புகளும், ஊருக்கு ஊர் செல்லும் வண்டிப்பாதைகளும் இருக்கின்றன. மாட்டு வண்டிகள் மறைந்து வந்தாலும் அவை போட்ட தடம் இன்னும் மறைந்துவிடவில்லை. விடியற்காலையில் திருப்பத்தூரிலிருந்து கிழக்கு நோக்கிப் புறப்படுகிறவன் மலைக்குப் பின்னிருந்து எழும் சூரியனை எதிர்கொண்டே செல்கிறான். அடிவாரம் கடந்து மேலேறினால் புதூர்நாடு, புங்கம்பட்டு நாடு, நெல்லிவாசல் நாடு என்னும் மலைநாடுகள். ஆலங்காயம் வழியாக ஏறினால் காவலூர். அதற்கப்பால் திருவண்ணாமலை ஜில்லாவைச் சேர்ந்த ஜமுனாமரத்தூர். சாமை விளையும் சரிவுகளும், நெல்லியும் கடுக்காயும் நிற்கும் காடுகளும், பெயர் பெற்ற சந்தன மரங்களும் இம்மலையின் செல்வங்கள்.

ஆனால் மலையைக் காண வருவோரில் பெரும்பாலோர் எப்படி வருகிறார்கள்? ஏலகிரியைப் பார்த்தால் தெரியும். 14 கொண்டையூசி வளைவுகளுக்கும் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் ஆகியோரின் பெயரைச் சூட்டி வைத்திருக்கிறோம். விடுமுறை நாட்களில் அப்பெயர்ப்பலகைகளைப் படிக்கவும் இடமின்றி மோட்டார்கள் வரிசையில் நிற்கின்றன. நகரத்தின் புகையையும் இரைச்சலையும் விட்டு ஓடி வந்தவர்கள் அவ்விரண்டையும் தங்களுடனேயே மலைக்கும் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். ஜவ்வாது மலைக்கும் இக்கதி நேர வேண்டுமா என்பதே நாம் எழுப்ப விரும்பும் முதற் கேள்வி. மோட்டார் புகாத பாதைகளை இப்போதே கணக்கெடுத்து, நடப்போருக்கும் சைக்கிள்காரருக்கும் உரியவை என்று குறித்து வைத்தாலன்றி, பத்து ஆண்டுகளுக்குப் பின் குறிப்பதற்குப் பாதை இராது.

இவ்விடத்தில் மலைவாசி ஒருவர் நம்மை நோக்கி, 'ஐயா! நீங்கள் ஆசைக்குச் சைக்கிள் விடுகிறீர்கள்; நாங்கள் அவசரத்திற்கு நடக்கிறோம். உங்கள் விளையாட்டுக்காக எங்கள் ஊர் தார் ரோடு இல்லாமலே கிடக்க வேண்டுமா?' என்று கேட்கக்கூடும். அப்படிக் கேட்டால் அதற்கு நேர்மையாக விடையளிக்க வேண்டிய கடமை நமக்குண்டு. அதை மூடி மறைத்துவிட்டு இயற்கையழகைப் பற்றி மட்டும் எழுதுவது நாணயமாகாது.

2023ஆம் ஆண்டு மே மாதத்தில் அடுத்துள்ள வேலூர் ஜில்லாவில், அணைக்கட்டைச் சார்ந்த அல்லேரி மலையில், ஒன்றரை வயதுப் பெண் குழந்தையொன்றைப் பாம்பு தீண்டியது. சரியான சாலையில்லாத மலையிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வருவதற்குள் அக்குழந்தை இறந்தது. திரும்பும்போதும் வண்டி மேலே செல்ல வழியில்லை. பெற்ற தாய் தன் குழந்தையின் சடலத்தைக் கையில் ஏந்திக்கொண்டு மலைப்பாதையில் நடந்தாள். அந்தப் படத்தைக் கண்டு தமிழ்நாடு முழுவதும் தலைகுனிந்தது. அதற்கு முந்திய ஆண்டு, 2022 ஏப்ரலில், நமது புதூர்நாட்டு மலையிலேயே கோவிலுக்குச் சென்றவர்களை ஏற்றிய வண்டி பள்ளத்திற் கவிழ்ந்து 11 பேர் மாண்டனர். அவர்களிற் பெரும்பாலோர் பெண்கள். இந்த இரண்டு செய்திகளையும் ஒருங்கே வைத்து எண்ணிப் பார்க்க வேண்டும். சாலை இல்லாததால் ஓர் உயிர். சாலை இருந்தும் அதில் ஓடுவதற்குத் தக்க வாகனமும் பாதுகாப்பும் போதாமையால் 11 உயிர்கள்.

ஆகவே நமது அபிப்பிராயத்தை ஐயத்திற்கு இடமின்றிச் சொல்லிவிடுகிறோம். மனிதர் குடியிருக்கும் எந்த மலைக் குக்கிராமத்திற்கும் பிணியாளியை ஏற்றிச் செல்லும் வண்டி போகத்தக்க சாலை ஒன்று இருந்தே தீரவேண்டும். அது தார் ரோடாக இருக்கட்டும், சிமெண்டு ரோடாக இருக்கட்டும். அதை எதிர்க்கும் உரிமை எந்தச் சைக்கிள்காரனுக்கும் இல்லை. சட்டமும் இதற்கு வழி செய்திருக்கிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின்படி, சாலை, பள்ளிக்கூடம், வைத்தியசாலை முதலியவற்றிற்காக, ஒவ்வொரு காரியத்திற்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேற்படாமல் வெட்டி, கிராம சபையின் பரிந்துரையின்பேரில் சர்க்கார் ஒதுக்கலாம். சட்டம் கையில் இருக்கும்போது கோப்பு மேஜையில் தூங்குமானால், குற்றம் மேஜைக்கு உரியதன்று.

அப்படியானால் சரளைப் பாதை வேண்டுமென்று நாம் கேட்பது ஏன்? ஊரையும் ஆஸ்பத்திரியையும் இணைக்கும் சாலை வேறு. ஏரிக்கரையும் வண்டித்தடமும் காட்டு வழியும் வேறு. முன்னதைத் தாரிட்டு மோட்டாருக்குக் கொடுப்போம். பின்னதை மோட்டாருக்குக் கொடாமல் காலுக்கும் சைக்கிளுக்கும் வைத்துக்கொள்வோம். இவ்விரண்டையும் ஒன்றெனக் குழப்புவதால்தான் ஒரு சாரார் 'எல்லாவற்றையும் தாரிடு' என்றும், மற்றொரு சாரார் 'எதையும் தொடாதே' என்றும் கூவுகின்றனர். இத்தாலியின் டஸ்கனிப் பிரதேசத்தில் கையோலே என்னும் சிற்றூரார் 1997ல், பழைய வெண்சரளைச் சாலைகள் தார் மூடி மறையாதபடி காக்கவேண்டுமென்று, பழங்காலச் சைக்கிள்களில் ஏறி ஊர்வலம்போல் ஒரு சவாரி நடத்தினர். முதலாண்டில் வந்தவர் 92 பேர். இன்று உலகெங்கிலுமிருந்து ஆயிரக்கணக்கானோர் அங்கே கூடுகின்றனர். அச்சாலைகளே அவ்வூரின் செல்வமாகிவிட்டன. அதைக் கண்டு நாம் மகிழலாம். ஆனால் அப்படியே பின்பற்றலாகாது. அங்கே சரளைச் சாலைக்குப் பக்கத்தில் நல்ல சாலையும் வைத்தியசாலையும் ஏற்கெனவே இருந்தன. இங்கே அவை முதலில் வரட்டும். அல்லது இரண்டும் சேர்ந்து வரட்டும்.

இதனால் மலைமக்களுக்கு என்ன பயன் என்று அடுத்த கேள்வி எழும். இம்மலையின் மலையாளிப் பழங்குடியினர் சாமையும் தேனும் புளியும் கடுக்காயும் விற்று வாழ்பவர்கள். மலையில் வேலையின்மையால் வெளியூர் சென்று கூலி செய்வோர் பலர். அவர்களிற் சிலரைத் தரகர்கள் ஆசை காட்டி ஆந்திரக் காடுகளுக்குச் செம்மரம் வெட்ட அழைத்துச் சென்ற கொடுமையையும் நாம் மறக்க முடியாது. 2015 ஏப்ரல் 7ஆம் தேதி சேஷாசலக் காட்டில் போலீசாரின் துப்பாக்கிக்கு 20 தமிழர் இரையாயினர். அவர்களில் ஜவ்வாது மலைப் பக்கத்தவரும் இருந்தனர். தன் மலையில் கண்ணியமான பிழைப்பு உள்ளவன் அயல் மலைக்குக் கோடரியோடு போவானா? சைக்கிளில் வருகிறவன் மோட்டாரில் வருகிறவனைப்போல் ஒரே மூச்சில் ஊரைக் கடந்து போய்விட முடியாது. அவனுக்குப் பசிக்கும்; தாகம் எடுக்கும்; வழி கேட்பான்; இரவு தங்குவான். சாமைச் சோறும் தேனும் நெல்லிக்காயும் அவனிடம் விலைபோகும். வழிகாட்டவும் பழுது பார்க்கவும் உள்ளூர் இளைஞர் தேவைப்படுவர். மெதுவாகப் போகிறவன் கையிலிருக்கும் காசுதான் சிறு ஊர்களில் தங்கும் காசு.

காவலூருக்கும் இதில் ஒரு நன்மை உண்டு. 1968ல் தொடங்கி வளர்ந்த அவ்வான ஆராய்ச்சி நிலையத்தில், 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி 1986ல் நிறுவப்பட்டது. நம் நாட்டார் தம் கையாலேயே ஆக்கிய அப்பெருங் கருவிக்கு விஞ்ஞானி வைனு பாப்புவின் பெயர் விளங்குகிறது. நட்சத்திரத்தின் மங்கிய ஒளியைப் பிடிக்க இருண்ட வானம் வேண்டும். மலையெங்கும் மோட்டார் விளக்குகளும் விடுதி விளக்குகளும் பெருகினால் அந்தக் கண் மங்கிப்போகும். சூரியன் மறைவதற்குள் தங்குமிடம் சேர்ந்துவிடும் சைக்கிள்காரனால் அதற்கு இடையூறில்லை.

எனினும் காடு பொதுப் பூங்காவன்று. காப்புக்காட்டிற்குள் அனுமதியின்றி நுழைவது சட்டப்படி குற்றம். அது இருக்கவேண்டிய சட்டமே. 2018 மார்ச் 11ஆம் தேதி தேனி ஜில்லாவின் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறச் சென்றோர் இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டதை நாம் மறக்கலாகாது. கோடைக்காலத்தில் காய்ந்த போதைப்புல்லும் சருகும் நிறைந்த மலையில் ஒரு சிகரெட்டுத் துண்டு போதும். கரடியும் சிறுத்தையும் இக்காடுகளில் உண்டு. 2024 ஜூன் மாதத்தில் திருப்பத்தூர் நகரத்திற்குள்ளேயே சிறுத்தையொன்று புகுந்து, வனத்துறையார் மயக்க ஊசி செலுத்திப் பிடிக்க நேர்ந்தது. காட்டிற்கும் நமக்கும் இடையே உள்ள வேலி அவ்வளவு மெல்லியது.

ஆனால் ஆபத்து உண்டென்று கதவை அடைத்துவிடுவது ஆட்சியாகாது. ஒழுங்கோடு திறப்பதே ஆட்சி. குரங்கணிக்குப் பிறகு சர்க்கார் மலையேற்றத்திற்கு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் தமிழ்நாடெங்கும் 40 மலையேற்றப் பாதைகளைத் தெரிந்தெடுத்து, உள்ளூர் இளைஞருக்குப் பயிற்சி தந்து அவர்களையே வழிகாட்டிகளாக்கி, முன்பதிவு முறையையும் ஏற்படுத்தியது. நமது ஜில்லாவின் ஏலகிரி, ஜலகம்பாறைப் பாதைகளும் அவற்றுள் அடங்கும். காலால் நடப்போருக்குச் செய்த ஏற்பாட்டைச் சைக்கிளில் செல்வோருக்கும் விரிவுபடுத்துவதில் என்ன தடை? காவல் சுற்றுக்கென்று வனத்துறை வைத்திருக்கும் பாதைகளிற் சிலவற்றை, மழைக்குப் பின் தொடங்கிக் கோடைக்கு முன் முடியும் மாதங்களில், பகற்பொழுதில் மட்டும், இத்தனை பேர் என்ற அளவோடு திறக்கலாம். வசூலாகும் கட்டணத்தில் ஒரு பங்கு அந்தந்த மலையூரின் கிராம சபைக்குச் சேரவேண்டும். எந்தப் பாதையைத் திறப்பது, எதை விலங்குகளுக்காக மூடியே வைப்பது என்பதையும் அம்மக்களைக் கேட்டே தீர்மானிக்கவேண்டும். காட்டை அவர்களைவிட அறிந்தவர் யார்?

சமவெளியில் காரியம் இன்னும் எளிது. வண்டிப்பாதைகள் கிராம நில அளவைப் படங்களிலேயே புறம்போக்காகக் குறிக்கப்பட்டுள்ளன. படத்தில் இருக்கும் பாதை பல ஊர்களில் தரையில் இல்லை. இருபுறமும் வரப்பு நகர்ந்து நகர்ந்து அதை விழுங்கிவிட்டது. அவற்றை மீட்டுச் சரளை பரப்பவேண்டும். இதற்குப் பெருஞ் செலவு இல்லை. ஆனால் முறை உண்டு. நடுப்பாகம் சற்று உயர்ந்து, இருபுறமும் நீர் வடியச் சாய்ந்திருக்க வேண்டும். ஓரத்தில் சிறு வாய்க்கால் வேண்டும். மண் பாதையின் சத்துரு சக்கரமன்று, தேங்கும் நீரே. மழை நீர் பாதையை விட்டு இறங்கிப் போகுமானால் பாதை நிற்கும். பாதை வழியாகவே ஓடுமானால் ஒரே பருவத்தில் ஓடையாகிவிடும். ஏரிக்கரைகளில் மோட்டார் ஏறாதபடி கல் நட்டுவைத்தால், கரையும் பிழைக்கும், நடப்பவனும் பிழைப்பான். உழவனின் வண்டிக்கும் டிராக்டருக்கும் தடையிருக்கலாகாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இதனால் முதற்பயன் அடையவேண்டியவர்கள் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் விலையுயர்ந்த வண்டிகளோடு வருவோர் அல்லர். நமது பள்ளிப் பிள்ளைகளே. இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து நமது சர்க்கார் மேல்நிலைப் பள்ளி மாணவருக்கு விலையின்றிச் சைக்கிள் தந்து வருகிறது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின் வாயிலாகப் பெண்கள் கூட்டங்கூட்டமாகச் சைக்கிள் கற்று, கண்டோர் வியக்கத் தலைநிமிர்ந்து சென்றதும் தமிழ்நாட்டின் பெருமையே. சைக்கிளைத் தந்தோம், அதை அச்சமின்றி ஓட்ட வழி தந்தோமா? லாரியும் பேருந்தும் பறக்கும் சாலையின் ஓரத்தில் பதினாறு வயதுப் பெண்ணை விட்டுவிட்டு, சைக்கிள் கொடுத்ததைப் பற்றி மேடையில் பேசுவது பாதி வேலையைப் பேசுவதாகும். ஊரிலிருந்து பள்ளிக்குச் செல்லும் ஏரிக்கரைப் பாதையைச் செப்பனிடுங்கள். பயணிக்கும் அதுவே வழி. பிள்ளைக்கும் அதுவே வழி.

சவாரி செய்ய வரும் நண்பர்களுக்கும் சில வார்த்தைகள். மலை உங்கள் பந்தய மைதானமன்று. எதிரே விறகுக் கட்டோடு வருபவர்களுக்கு முதலில் வழிவிட்டு நில்லுங்கள். ஊருக்குள் நுழையும்போது வேகத்தைக் குறையுங்கள். அனுமதியின்றிப் படம் எடுக்காதீர்கள். கொண்டுவந்த பிளாஸ்டிக்கைத் திருப்பிக் கொண்டுபோங்கள். மழை நனைத்த பாதையில் ஓட்டித் தடம் கிழிக்காதீர்கள். அத்தடமே அடுத்த மழையில் ஓடையாகும். முக்கியமாக, நீங்கள் களைப்பாறும் ஊரில் சாலை இல்லையென்று கண்டால், அதைப் பற்றியும் திரும்பிச் சென்று பேசுங்கள். நகரத்தில் உங்கள் குரலுக்குச் செவி உண்டு. அவர்களுடைய குரல் இறங்கி வர நெடுநேரம் ஆகிறது.

தேச ஊழியர்களான இளைஞர்களுக்கு நாம் ஒரு வேலை தருகிறோம். ஜனவரி 26லும் மே 1லும் ஆகஸ்டு 15லும் அக்டோபர் 2லும் கிராம சபைகள் கூடுகின்றன. அடுத்து வரும் கூட்டத்திற்கு முன்பாக ஒவ்வோர் ஊரிலும் சைக்கிள் ஏறுங்கள். நில அளவைப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் ஊர் வண்டிப்பாதைகளையெல்லாம் ஒருமுறை சுற்றி வாருங்கள். எது உள்ளது, எது மறைந்தது, எது மீட்கத்தக்கது என்று எழுதுங்கள். மலையூர்களில், ஆஸ்பத்திரிக்கு வண்டி போகும் சாலை உண்டா என்பதை முதல் வரியில் எழுதுங்கள். சரளைப் பாதையை இரண்டாம் வரியில் எழுதுங்கள். இரண்டையும் ஒரே தீர்மானமாக நிறைவேற்றிச் சர்க்காருக்கு அனுப்புங்கள். இரண்டாம் வரியை மட்டும் நிறைவேற்றி முதல் வரியை விட்டுவிடும் சர்க்காரை நாம் பாராட்டமாட்டோம்.

பாதை என்பது ஊரார் அனைவருக்கும் பொதுச் சொத்து. நோயாளியைச் சுமந்து இறங்குபவனுக்கும், பள்ளிக்குச் செல்லும் சிறுமிக்கும், விடுமுறையில் மலையைக் காண வருபவனுக்கும் அதில் பங்குண்டு. அந்த வரிசையிலேயே பங்கு கிடைக்குமானால், ஜவ்வாது மலையின் சரளைப் பாதைகள் தமிழ்நாட்டிற்கே வழிகாட்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை.